தள்ளி நிற்காத ஹென்றி ஆம்ஸ்ட்ராங்

போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில் தண்டவாளத்தைக் காத்தவர்கள் கேங்மேன்கள். சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கிய அந்தத் தோள்களைப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். 2010 கடைசியில் அந்த ரயில் நின்றது. 2023 ஜூனில் அகலப்பாதையில் ரயில் திரும்பி வந்தபோது, பாதை வேலையில் பெரும்பகுதி இயந்திரத்தின் கைக்குப் போயிருந்தது.

அதே வேலையை, தண்டவாளக் கட்டையில் ஆணி அடிக்கும் வேலையை, அமெரிக்காவில் செய்துகொண்டிருந்த ஓர் இளைஞர் பின்னாளில் ஒரே நேரத்தில் மூன்று எடைப் பிரிவுகளில் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வைத்திருந்தார். அவர் பெயர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங். கறுப்பினத்தவர். கறுப்பர்களின் கதை நமக்கு அயலார் கதை அல்ல. 1946-லேயே கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்கு அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒன்றுபோல் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்.

ஆம்ஸ்ட்ராங் 1912 டிசம்பர் 12 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில் பிறந்தார். இயற்பெயர் ஹென்றி ஜாக்சன். அப்பா வாரத்துக்கு உழுதவர். அடிமை வாழ்வைக் கண்ணால் கண்டவர் பாட்டி. குடும்பம் பிழைப்புத் தேடி செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனது. சிறு வயதிலேயே அம்மா இறந்துவிட, பாட்டிதான் வளர்த்தார். கறுப்பர்களுக்கென்று தனியே ஒதுக்கப்பட்ட வாஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். கவிதையும் எழுதுவார். மேற்கொண்டு படிக்கப் பணமில்லை. ரயில் பாதைக்குப் போனார்.

கிட் சாக்லேட் என்ற கியூபா வீரர் ஒரே சண்டையில் 75,000 டாலர் சம்பாதித்தார் என்று செய்தித்தாளில் படித்ததும் சம்மட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டதாக அவரே சொல்லிவந்தார். கதை அழகுதான். ஆனால் 1931-ல் தொழில்முறையில் இறங்கிய முதல் சண்டையிலேயே மூன்றாவது சுற்றில் நாக் அவுட் ஆனார். அதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதன்பின் லாஸ் ஏஞ்சல்ஸ் போய், நண்பர் ஒருவரின் குடும்பப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு, அமெச்சூர் சண்டைகளிலிருந்து மறுபடி தொடங்கினார்.

உயரம் ஐந்தரை அடிதான். எதிரே நிற்பவருக்குக் கை நீளமாக இருக்கும். சிலம்பம் ஆடுபவர்களுக்கு இதன் கணக்கு தெரியும். கம்பு சுழலத் தூரம் வேண்டும்; உள்ளே நுழைந்துவிட்டவனிடம் கம்பு செல்லாது. ஆம்ஸ்ட்ராங் மணி அடித்ததும் உள்ளே நுழைவார். நெற்றியை எதிராளியின் தோளிலோ மார்பிலோ பதித்துவிடுவார். அங்கே நீளக் கைக்கு மடங்க இடமில்லை. இவருடைய குட்டைக் குத்துகள் விலாவிலும் ஈரலிலும் தாடையிலும் மாறி மாறி விழும். தோளால் நெம்பி இடம் உண்டாக்குவது, எதிராளியின் கைகளுக்கு உட்பக்கமாகத் தன் கைகளை வைத்துக்கொள்வது, அவர் எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறார் என்று உடம்பு உரசும்போதே உணர்வது, எல்லாம் சேர்ந்த வித்தை அது. முரட்டுத்தனம் என்று சொல்பவர்கள் தூரத்தில் இருந்து பார்ப்பவர்கள்.

போடியிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏலக்காய் உயரத்தில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து மண்ணை ஒட்டிக் கிளம்பும் சரத்தில் காய்க்கிறது. குனிந்து, இலைக்குள் தலையை விட்டு, விரலாலேயே முற்றியதையும் பிஞ்சையும் பிரித்து எடுக்க வேண்டும். பாதையில் நிற்கிற கங்காணிக்குத் தெரிவது முதுகு மட்டும்தான்.

1936-ல் பாடகர் ஆல் ஜோல்சனும் நடிகர் ஜார்ஜ் ராஃப்டும் பணம் போட்டு ஆம்ஸ்ட்ராங்கின் ஒப்பந்தத்தை வாங்கினார்கள். ஜோல்சன் முகத்தில் கரி பூசிக் கறுப்பராக வேஷம் கட்டிப் புகழ்பெற்ற வெள்ளையர். வேஷத்துக்கும் கறுப்பர், சண்டைக்கும் கறுப்பர்! மறு வருஷம் ஹெவிவெயிட் சாம்பியன் ஆன ஜோ லூயிஸ் மீதே எல்லோர் கண்ணும் இருந்தது. சின்ன உடம்புக்காரரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் மூன்று பட்டம் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அன்றைக்கு இருந்தவை எட்டே எடைப் பிரிவுகள். பிரிவுக்கு ஒரு சாம்பியன்.

1937 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கில் பீட்டி சாரனை ஆறாவது சுற்றில் வீழ்த்தி ஃபெதர்வெயிட் பட்டம் பெற்றார். 1938 மே 31 அன்று இரண்டு பிரிவு தாண்டிப் போய், பார்னி ராஸை 15 சுற்றுகள் அடித்து வெல்டர்வெயிட் பட்டம் வாங்கினார். அன்று ஆம்ஸ்ட்ராங்கின் எடை லைட்வெயிட் வரம்பான 61 கிலோவைக்கூடத் தாண்டவில்லை. ஆகஸ்ட் 17 அன்று லூ ஆம்பர்ஸுடன் மூன்றாவது பட்டத்துக்கான சண்டை. வாய்க்குள் கிழிந்து ரத்தம் கொட்டியது. மேடையில் இனியும் ரத்தம் சிந்தினால் சண்டையை நிறுத்திவிடுவேன் என்று நடுவர் எச்சரித்தார். ஆம்ஸ்ட்ராங் பல்லுறையைத் துப்பிவிட்டு, ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டே 15 சுற்றையும் முடித்தார். தீர்ப்பு பிளவுபட்டாலும் பட்டம் அவருக்கே வந்தது. தள்ளி நில் என்று பள்ளியிலும் ரயிலிலும் உணவகத்திலும் சொல்லப்பட்ட இனத்தின் பிள்ளையை, மேடையில் யாராலும் தள்ளி நிறுத்த முடியவில்லை.

இன்று அந்த வித்தை அருகிவிட்டது. 1992 ஒலிம்பிக்கிலிருந்து அமெச்சூர் போட்டிகளில் பொத்தான் அழுத்திப் புள்ளி கொடுக்கும் முறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு வினாடிக்குள் அழுத்தினால்தான் குத்து கணக்கில் சேரும். தூரத்திலிருந்து நேராக நீட்டும் குத்து எல்லோருக்கும் தெரியும். நெஞ்சோடு நெஞ்சு நின்று விலாவில் விடும் குத்து யார் கண்ணில் படும்? கங்காணிக்குத் தெரிந்த முதுகுதான் இவர்களுக்கும். புள்ளி கிடைக்காத வித்தையை எந்தப் பயிற்சியாளர் சொல்லித்தருவார்? 2013-ல் அந்த முறையைக் கைவிட்டார்கள். அதற்குள் ஒரு தலைமுறை தள்ளி நின்றே பழகிவிட்டது.

தொழில்முறையிலோ, இருவரும் நெருங்கினாலே பிரித்துவிடும் நடுவர்கள் அதிகம். 1937-ல் மட்டும் ஆம்ஸ்ட்ராங் 27 சண்டை போட்டார். இன்றைய முன்னணி வீரர்கள் வருஷத்துக்கு இரண்டு போடுவதே அதிகம். மேடையிலேயே படிக்க வேண்டிய பாடத்துக்கு அது போதாது. வடசென்னையின் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளைப் போல, பார்த்துப் பழகிக் கைமாறுகிற வித்தைகளுக்கு நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் புத்தகம் உதவாது.

எல்லா மாற்றமும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். 1982-ல் கொரிய வீரர் டக் கூ கிம் இறந்த பிறகுதான் 15 சுற்றுகள் 12 ஆகக் குறைந்தன. அது உயிர்களைக் காத்த மாற்றம். நெருங்கி அடிப்பவர் நெருங்கி வாங்கவும் செய்வார். 1940-ல் ஃபிரிட்ஸி சிவிக்கிடம் வெல்டர்வெயிட் பட்டத்தை இழந்தபோது ஆம்ஸ்ட்ராங்கின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. 1945-ல் ஓய்வு பெற்றார். சுமார் 180 சண்டைகள். அவற்றில் நூறுக்கு மேல் நாக் அவுட் வெற்றிகள். சம்பாதித்த பணம் தங்கவில்லை. குடி பிடித்தது. அதிலிருந்து மீண்டு 1951-ல் பாப்டிஸ்ட் சபைப் போதகரானார். பின்னர் செயின்ட் லூயிஸுக்கே திரும்பி, சிறுவர் மன்றம் ஒன்றில் ஏழைப் பிள்ளைகளோடு வேலை செய்தார். கடைசிக் காலத்தில் பார்வை மங்கியது, நினைவும் தப்பியது. 1988 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். அப்போது வயது 75. கையில் காசு இல்லை.