சுல்தான் கானை நாம் சரியாக அறிந்திருக்கிறோமா?

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு சுற்றிவரும். எழுத்தறிவில்லாத முஸ்லிம் வேலைக்காரன் ஒருவன் செஸ் உலகச் சம்பியனை வீழ்த்தினான் என்பது அதன் சாரம். நானும் மாஷா அல்லாஹ் போட்டுப் பகிர்ந்தவன்தான். இப்போது அதைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது.

அந்த மனிதர் மீர் சுல்தான் கான். பஞ்சாபின் சர்கோதா பக்கம் மித்தா திவானா ஊரவர். தந்தையிடம் கற்றது நாட்டுமுறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். பெரும் நிலப்பிரபுவான சேர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்து, 1929இல் லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அதே ஆண்டில் பிரித்தானியச் சம்பியன். பின்னர் 1932, 1933இலும் அவரே.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் எதிரே அமர்ந்தவர் கப்பாபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலகச் சம்பியனாக இருந்தவர். அப்போது முன்னாள் சம்பியன். கறுப்புக் காய்களுடன் அவர் ஆடியது குயின்ஸ் இந்தியன் தடுப்பாட்டம். சுல்தான் கான் ஐந்தாவது நகர்வில் இடப்பக்க ஓரச் சிப்பாயை ஒரேயொரு கட்டம் முன்னே வைத்தார். கறுப்பு பிஷப் வந்து தன் குதிரையைக் கட்டிப்போடாமல் தடுக்கும் சின்ன நகர்வு. பிறகு ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளை எடுத்து, அவசரமில்லாமல் நெருக்கி, 65ஆவது நகர்வில் வென்றார். யாரோ தற்செயலாகக் கண்ட வெற்றி அல்ல இது. பொறுமையும் கணக்கும் தெரிந்தவரின் வேலை. அந்த ஓரச் சிப்பாய் முறைக்கு இன்று பெட்ரோசியானின் பெயர்தான் இருக்கிறது.

வேலைக்காரன், எழுத்தறிவில்லாதவன் என்ற கதையை அவரது குடும்பத்தினர் மறுக்கிறார்கள். நிலமுள்ள குடும்பம், எழுத வாசிக்கத் தெரிந்தவர் என்கிறார்கள். அன்றைய ஐரோப்பியர்கள் எழுதியதை நாம் ஏன் பெருமையோடு திரும்பச் சொல்கிறோம்? அவர் தாழ்ந்தவராக இருந்தால்தான் வெற்றி பெரிதாகத் தெரியுமா?

1933இன் பின் ஊர் திரும்பியவர் சர்வதேசப் போட்டிகளுக்குப் போகவில்லை. 1950இல் உலகச் செஸ் சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கத் தொடங்கியபோது, உயிரோடிருந்தும் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1966இல் சர்கோதாவில் மௌத்தானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024இல் வந்தது. சம்மேளனத் தலைவர் இஸ்லாமாபாத் வந்து, அன்றைய பாகிஸ்தான் பிரதமரின் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போனார்.