41-ஆம் சேனல்காரர்

யுஎச்எஃப், விஎச்எஃப்னு ரெண்டையும் ஒரே மூச்சில் படிச்சு, எக்ஸாம் முடிஞ்சதும் மறந்திருப்பீங்க. அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தில் ராவுல் கோர்ட்டஸின் டிவி ஸ்டேஷன் மாட்டிக்கிட்ட கதை தெரியுமா?

1905-ல் மெக்சிகோவின் ஹலாப்பா ஊரில் பிறந்தவர். பிழைக்க வந்த இடம் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோ. துணிக்கடையில் ஷோகேஸ் அலங்காரம், பீர் கம்பெனியில் சேல்ஸ், 'லா பிரென்சா'ங்கிற ஸ்பானிஷ் பத்திரிகையில் நிருபர் வேலைன்னு எல்லாம் பார்த்தார். அப்புறம் ரேடியோ. அடுத்தவங்க ஸ்டேஷனில் நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி, விளம்பரமும் தானே பிடிச்சு, ஸ்பானிஷ் நிகழ்ச்சி நடத்தினார். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்கணுமே, அந்த நிலைமைதான்.

1944-ல் சொந்த ஸ்டேஷனுக்கு எஃப்சிசியிடம் விண்ணப்பித்தார். அங்கே அலைவரிசைக்கு லைசென்ஸ் கொடுக்கிற மத்திய அமைப்பு அதுதான். உலகப்போர் நேரம், வேற்றுமொழி ஒலிபரப்புன்னாலே சந்தேகம். மனுஷன் கெட்டிக்காரர்! மெக்சிகன் அமெரிக்கர்களின் ஆதரவைப் போருக்குத் திரட்டத்தான் இந்த ஸ்டேஷன்னு காரணம் காட்டினார். 1946-ல் கேசிஓஆர் ஒலிக்க ஆரம்பிச்சது. முழுநேரமும் ஸ்பானிஷ், முதலாளியும் லத்தீனோ. அமெரிக்காவில் அப்படி அதுதான் முதல் ஸ்டேஷன்.

1948, 49 ரெண்டு வருஷமும் லுலாக் என்ற லத்தீனோ உரிமை அமைப்புக்குத் தேசியத் தலைவரா இருந்தார். டெக்சஸ் பள்ளிகளில் மெக்சிகன் குழந்தைகளைத் தனியா பிரிச்சு வைக்கிறது சட்டவிரோதம்னு 1948-ல் டெல்காடோ வழக்கில் தீர்ப்பு வந்தது இந்தக் காலத்தில்தான்.

இப்போ டிவிக்கு வருவோம். 1955-ல் கேசிஓஆர் டிவி ஆரம்பம். அவருக்குக் கிடைச்சது 41-ஆம் சேனல், அதாவது யுஎச்எஃப். அன்றைய டிவி பெட்டிகள் பெரும்பாலும் 2 முதல் 13 வரை உள்ள விஎச்எஃப் சேனல்களை மட்டும்தான் பிடிக்கும். 41 பார்க்கணும்னா தனியா கன்வெர்ட்டர் வாங்கி மாட்டணும். யோசிச்சுப் பாருங்க: ரேடியோவில் லைசென்ஸ் கிடைச்ச அன்றைக்கே ஒவ்வொரு சமையலறைக்குள்ளேயும் போயிட்டார். டிவியில் லைசென்ஸ் கையில் இருக்கு, டவர் இருக்கு, சிக்னலும் போகுது. பார்க்க வேண்டிய பல குடும்பங்களின் பெட்டி மட்டும் அதை எடுக்காது. யாரும் தடை போடலை. டியூனர் டிசைனே அந்த வேலையைச் செஞ்சது. எனக்கு இதுதான் உறுத்துது.

மேடையில் நேரடிக் கலைநிகழ்ச்சி, மெக்சிகன் சினிமா எல்லாம் போட்டும் விளம்பரக் காசு போதலை. நஷ்டத்தோடயே ஓட்டினார். 1961-ல் மருமகன் எமிலியோ நிக்கோலாஸும் மெக்சிகோ டிவி அதிபர் அஸ்காராகாவும் இருந்த குழுவுக்கு விற்றுவிட்டார்.

அடுத்த வருஷமே, 1962-ல், எல்லா டிவி பெட்டியும் யுஎச்எஃபையும் பிடிக்கணும்னு கட்டாயமாக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1964-ல். கோர்ட்டஸ் 1971-ல் இறந்தார். அவர் விற்ற ஸ்டேஷனில் இருந்து வளர்ந்த நெட்வொர்க்தான் பின்னாளில் யூனிவிஷன் ஆச்சு. சான் அன்டோனியோவில் அதன் சேனல் நம்பர் இன்னும் 41தான்.