தென் மட்டக்களப்பை வென்ற காலிக்காரர்: மர்ஹூம் சேர் மாக்கான் மாக்கார்

மாக்கான் மாக்கார் என்றதும் கிழக்கில் பலருக்கு ஏறாவூர்ப் பாடசாலைதான் நினைவுக்கு வரும். எனக்கு என் மூத்தவாப்பா நினைவுக்கு வருவார். தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர் எந்த ஊர் என்று வீட்டுத் திண்ணையில் நாங்கள் சண்டை பிடிப்போம். சர்வஜன வாக்குரிமை கிடைத்ததும் நமது கரையோரம் முதலில் தெரிவு செய்த உறுப்பினரே காலியில் பிறந்தவர் என்று சொல்லி அவர் எங்கள் வாயை அடைத்துவிடுவார்.

அந்த உறுப்பினர்தான் சேர் முஹம்மத் மாக்கான் மாக்கார். 1879இல் பிறந்தவர். அவரது குடும்பத்தின் மாணிக்கக்கல் வியாபாரம் 1860இல் காலியில் தொடங்கி, கொழும்புக்கும் கெய்ரோவுக்கும் பரவியது. 1924 தேர்தலில் என். எச். எம். அப்துல் காதர், டீ. பி. ஜாயா ஆகியோருடன் இவரும் முஸ்லிம் உறுப்பினராகச் சட்டசபைக்குச் சென்றார். அப்போது முஸ்லிம்களுக்கெனத் தனியாக 3 ஆசனங்கள் இருந்தன.

டொனமூர் யாப்பு இன அடிப்படையிலான அந்த ஆசனங்களை ஒழித்தது. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. நாடெங்கும் சிதறி வாழ்ந்த நம் சமூகத்துக்கு இது பெரும் சோதனை. கிழக்குக் கரையில்தான் முஸ்லிம்கள் செறிந்து வாழ்ந்தார்கள். மாக்கான் மாக்கார் இங்கு வந்து, மட்டக்களப்பு தெற்குத் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும் தொகுதி அது.

அரசாங்க சபையின் 7 நிர்வாகக் குழுக்களின் தலைவர்களே அமைச்சர்களாக இருந்தார்கள். டீ. எஸ். சேனநாயக்க, கன்னங்கரா, பெரி சுந்தரம் ஆகியோருடன் இவரும் போக்குவரத்து, பொதுவேலைகள் அமைச்சராக அமர்ந்தார். கிழக்கின் வாக்கு ஒரு முஸ்லிமை நாட்டின் முதலாவது அமைச்சரவையில் அமர்த்தியது. இதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

ஆனால் அந்த இடம் நிலைக்கவில்லை. 1936இல் தொகுதி எஸ். ஓ. கனகரத்தினத்திடம் சென்றது. அந்தப் பொதுத் தேர்தலில் நாடு முழுவதிலும் ஒரு முஸ்லிம்கூடத் தெரிவாகவில்லை. ஜாயாவும் ராசிக்கும் நியமன உறுப்பினர்களாகத்தான் சபைக்குள் போனார்கள். அமைச்சர்கள் எழுவரும் சிங்களவர்களாக இருந்தனர். ஐந்தே ஆண்டுகளில் அமைச்சர் ஆசனத்திலிருந்து நியமனத்துக்குக் காத்திருக்கும் நிலைக்கு நம் சமூகம் இறங்கியது.

1947இல் தொகுதிகள் புதிதாகப் பிரிக்கப்பட்டபோது கல்முனையில் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். இப்ராஹிமும், மட்டக்களப்பில் அஹமது லெப்பை சின்னலெப்பையும் வென்றார்கள். கிழக்கு தன் மண்ணின் மைந்தர்களையே அனுப்பத் தொடங்கியது. மாக்கான் மாக்கார் செனற் சபைக்குச் சென்றார். 1952இல் வஃபாத்தானார். அவரது மகன் ஏ. எச். மாக்கான் மாக்கார் 1960களில் மட்டக்களப்புத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

அவரை நான் குறையே இல்லாத தலைவராகக் காட்ட வரவில்லை. வெளியூர் செல்வந்தர் ஒருவர் ஆசனம் தேடி வந்தார் என்று சொல்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. உள்ளூர்த் தலைமைகள் வளர்ந்தது நல்லதே. ஆனால் இன்று திகாமடுல்லையில் விருப்பு வாக்குக்காகக் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ஊருக்கு ஊர் பிரிந்து நிற்கிறோம். எங்கள் ஊருக்கு எம்பி வேண்டும் என்பதே முழுக் கொள்கையாகிவிட்டது.

1931இல் இந்தக் கரையோரத்து மக்கள் ஊர் பார்க்காமல் ஒருவரை அனுப்பினார்கள். அவர் அமைச்சரானார். 1936இல் அது கைநழுவியது. அடுத்த தேர்தலில் புள்ளடி இடுமுன் இந்த இரண்டு ஆண்டுகளையும் நாம் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். மர்ஹூம் மாக்கான் மாக்காரின் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆமீன்.