விண்மீன்களுக்கு எல்லை கண்ட சந்திரசேகர்

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் எம் யாழ்ப்பாணத்துக்குமுள்ள உறவு மிகப் பழையது. 1857 ஆம் ஆண்டில் அதன் முதற் பட்டதாரிகளாய் விளங்கியோர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் என்பதை எம் பழைய மாணவர் நன்கறிவர். அப்பல்கலைக்கழகத்திலே கற்று 1930 இல் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 ஆம் ஆண்டு ஒக்டோபர் 19 ஆந் திகதி இலாகூரிற் பிறந்தார். தந்தையார் புகைவண்டிக் கணக்குப் பகுதியில் உயர்ந்த உத்தியோகத்தர், சேர் சி. வி. இராமன் சிறிய தந்தையார். தாயார் சீதாலட்சுமி இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய கல்விமான். சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலும் பின் மாநிலக் கல்லூரியிலும் கற்றார். மகனை அரசாங்க சேவையிற் காணத் தந்தையார் விரும்பினார். இவ்விருப்பம் எம்மூர்ப் பெற்றோர்க்குப் புதியதன்று. தாயாரோ மைந்தர் மனம் சென்ற வழியே செல்லவிட்டார். தாம் கடும் நோயுற்றிருந்த வேளையிலும் அவர் இங்கிலாந்து செல்லவேண்டுமென்று வற்புறுத்தினார். அடுத்த ஆண்டிலே அவ்வம்மையார் காலமாயினர். மைந்தர் அருகில் இல்லை.

1930 யூலை 31 இல் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அப்பிரயாணத்திலே அவர் போட்ட கணக்கை மாணவர்கள் சற்று ஊன்றிக் கவனிப்பாராக. விண்மீனொன்றின் எரிபொருள் தீர்ந்தபின் அதன் ஈர்ப்பே அதனை நெருக்கும். நெருங்கிய இலத்திரன்கள் தமக்குள் இடங்கொடாது எதிர்த்து நிற்பதால், அது வெண்குறுமீனாகி அமைதியுறும் என்று கேம்பிறிட்ஜ் அறிஞர் பௌலர் 1926 இல் காட்டியிருந்தார். அவ்வளவு நெருக்கத்தில் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அண்மிக்குமே, ஆயின் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் சேர்த்துக் கணித்தல் வேண்டுமே என்பது நம் இளைஞரின் எண்ணம். அங்ஙனம் கணித்தபோது, திணிவு ஓர் எல்லையைக் கடப்பின் இலத்திரன்களின் எதிர்ப்பு ஈர்ப்புக்கு ஈடுகொடாது என்ற விடை வந்தது. அவ்வெல்லை முதலிற் சூரியனின் 0.91 மடங்கு எனப்பட்டது. விண்மீனின் இரசாயனச் சேர்க்கை திருத்தமாக அறியப்பட்டபின் 1.44 மடங்காயிற்று. எல்லையைக் கடந்த மீனின் கதி யாது? அவ்வினாவுக்கு அன்று எவரிடமும் விடையில்லை.

1935 சனவரி 11 ஆந் திகதி இலண்டன் அரச வானியற் கழகத்தில் அவர் தம் முடிவை விரிவாக எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அக்காலத்து வானியலாரின் தலைவரெனப் போற்றப்பட்ட சேர் ஆதர் எடிங்டன். பல மாதங்களாக இளைஞரின் அறைக்கு வந்து அக்கணக்கின் வளர்ச்சியைக் கேட்டறிந்தவரும் அவரே. விண்மீன் இத்துணை விபரீதமாக நடக்காதபடி தடுக்கும் இயற்கை விதியொன்று இருந்தே தீரும் என்று கூறிச் சபையோரைச் சிரிக்க வைத்தார். இளைஞர் மறுமொழி கூற வாய்ப்புக் கிட்டவில்லை. எடிங்டனின் வாதம் பிழையென அறிந்த பௌதிக மேதைகள் தனிமையில் அதனை ஒப்புக்கொண்டனர். வெளிப்படக் கூற முன்வந்தாரில்லை. எடிங்டனின் பிடிவாதத்தினும் இவர்களின் மௌனமே எமக்கு வருத்தந்தருகின்றது.

சந்திரசேகர் வாதத்தை நீட்டவில்லை. 1937 இல் அமெரிக்காவின் யேர்க்ஸ் வானாய்வு நிலையத்தை அடைந்தார். 1939 இல் விண்மீன் அமைப்பைப் பற்றி ஒரு நூலெழுதி வெளியிட்டபின் வேறு துறைகளுக்குச் சென்றுவிட்டார். எடிங்டன் மீது பகைமையும் பாராட்டினாரல்லர். 1944 இல் எடிங்டன் மறைந்தபோது அவரை அக்காலத்தின் பெரும் வானியலாருள் ஒருவராக வைத்துப் புகழ்ந்துரைத்தார்.

1967 இல் கேம்பிறிட்ஜ் மாணவி யோசலின் பெல் சீராகத் துடிக்கும் வானொலி மூலமொன்றைக் கண்டார். அது நியூத்திரன் விண்மீனென்பது விரைவிலே தெளிவாயிற்று. சூரியனிலும் கூடிய திணிவை ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் விட்டத்துள் அடக்கிய பொருள் அது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குள்ள தூரந்தானும் அவ்விட்டத்தினும் பெரிது. இன்னும் பெருந்திணிவாயின் நியூத்திரன்களும் தாங்கா. ஒளியும் வெளியேறவியலாத கருந்துளையே எஞ்சும். அறுபது வயதையடுத்து அக்கருந்துளைகளின் கணிதத்துக்கே சந்திரசேகர் மீண்டார். 1983 இல் அதுபற்றிய பெருநூல் வெளிவந்தது. அவ்வாண்டே, அவரது எழுபத்துமூன்றாவது பிறந்தநாளிலே, நோபல் பரிசுச் செய்தியும் வந்தது. வில்லியம் பௌலர் என்னும் வேறொரு பௌலரோடு அதனைப் பகிர்ந்துகொண்டார்.

1995 ஓகஸ்ட் 21 இல் சிக்காகோவிற் காலமானார். 1999 இல் சந்திரா என்னும் அவர் பெயர் தாங்கிய எக்ஸ்-கதிர்த் தொலைகாட்டி விண்ணுக்கு ஏவப்பட்டது. அது முதலில் வெளியிட்ட படங்களுள் ஒன்று, வெடித்துச் சிதறிய விண்மீனொன்றின் எச்சம். அதன் நடுவே, அதுவரை எவரும் காணாத ஓர் ஒளிப்புள்ளி. நியூத்திரன் விண்மீனென்றே அதனைக் கருதுகின்றனர்.