மளிகைப் பையில் தொடங்கிய நூலகம்

உங்க கையில ஒரு பெரிய கம்ப்யூட்டர் கிடைக்குதுன்னு வெச்சுக்கோங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பயன்படுத்தலாம், எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. என்ன பண்ணுவீங்க? ஏதாவது புரோகிராம் எழுதிப் பார்ப்பீங்க, இல்லைன்னா கேம் ஆடுவீங்க. 1971-ல் மைக்கேல் ஹார்ட் என்ற 24 வயது இளைஞருக்கு அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தது. அவர் செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை. உட்கார்ந்து டைப் அடித்தார்.

இன்னைக்கு நீங்க போன்ல இலவசமா ஒரு பழைய புத்தகத்தை இறக்கிப் படிக்கிறீங்கன்னா, அந்த வழி அங்கேதான் ஆரம்பிக்குது.

ஹார்ட் பிறந்தது 1947 மார்ச் 8, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டகோமா நகரில். அம்மா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலை பார்த்தவர். பிறகு குடும்பம் இல்லினாய் மாநிலத்தின் அர்பானாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பா ஷேக்ஸ்பியர் இலக்கியத்திலும் அம்மா கணிதக் கல்வியிலும் பேராசிரியர்கள் ஆனார்கள். வீட்டில் ஒரு பக்கம் இலக்கியம், இன்னொரு பக்கம் கணக்கு. ரெண்டும் மகனிடம் சேர்ந்துகொண்டன.

1971 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். வாணவேடிக்கை பார்த்துவிட்டு, வழியில் மளிகைக் கடையில் கொஞ்சம் சாப்பாட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார் ஹார்ட். அங்கே இருந்தது ஜெராக்ஸ் சிக்மா ஃபைவ் என்ற மெயின்ஃப்ரேம். அதை இயக்குபவர்கள் தெரிந்தவர்கள் என்பதால் அவருக்கு ஒரு கணக்கு கிடைத்திருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பு பத்து கோடி டாலர் என்று பிற்பாடு அவரே கணக்கு சொன்னார். இவ்வளவு மதிப்புள்ள நேரத்துக்கு ஈடாக எதைத் திருப்பித் தருவது?

மளிகைப் பையைத் திறந்தால், சாமான்களோடு கடைக்காரர்கள் போட்டுக்கொடுத்த ஒரு தாள் இருந்தது: அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் அச்சுப் பிரதி. அதை அப்படியே டைப் அடித்தார். சின்ன எழுத்து வசதி இல்லாததால் முழுக்கப் பெரிய எழுத்தில். கோப்பின் அளவு சுமார் 5 கிலோபைட். எல்லாருக்கும் அனுப்பினால் சிஸ்டம் தாங்காது என்று சொன்னதால், கோப்பு எங்கே இருக்கிறது என்று அறிவிப்பு மட்டும் போட்டார். ஆறு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

ஆறே பேர்தான். ஆனா ஹார்ட் வேற ஒண்ணைப் பார்த்தார். கம்ப்யூட்டரின் பெரிய பயன் கணக்குப் போடுவது இல்லை, சேமிப்பதும் தேடுவதும் பகிர்வதும்தான் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு புத்தகத்தை ஒரு முறை உள்ளே ஏற்றிவிட்டால், அடுத்த பிரதிக்குச் செலவே இல்லை. அச்சு இயந்திரத்தால் புத்தகத்தின் விலையைக் குறைத்த ஜெர்மானியர் குட்டன்பர்கின் பெயரையே தன் முயற்சிக்கு வைத்தார்.

பிரதி எடுக்கத்தான் செலவு இல்லை. முதல் பிரதியை யார் அடிப்பது? இங்கேதான் சிக்கல். 1972-ல் அமெரிக்க உரிமைகள் மசோதா, 1973-ல் அரசியல் சாசனம் என்று மெதுவாக நகர்ந்தது வேலை. பத்தாவது எண்ணில் பைபிள் வந்தபோது வருஷம் 1989. பதினெட்டு வருஷத்தில் பட்டியலில் பத்தே எண்கள்! நம்ம புராஜெக்ட் ரெவ்யூல இதைச் சொன்னா என்ன மார்க் கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்தக் காலத்தில் ஹார்ட் எடுத்த ஒரு முடிவை எஞ்சினியரிங் படிக்கிற நாம கவனிக்கணும். எல்லாவற்றையும் வெறும் ஆஸ்கி உரையாக, எந்த அலங்காரமும் இல்லாமல் சேமித்தார். எண்பதுகளில் கொடிகட்டிப் பறந்த வேர்ட்ஸ்டார் கோப்புகளை இன்று திறக்கவே தனியாக மெனக்கெட வேண்டும். ஹார்ட்டின் கோப்புகள் எந்தக் கருவியிலும் திறக்கும். அதற்கு விலையும் இருந்தது. சாய்வெழுத்து போச்சு, படங்கள் போச்சு. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று தெரியவில்லையே என்று அறிஞர்கள் குறை சொன்னார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் ஹார்ட் மனதில் வைத்திருந்தது ஆய்வாளர்களை அல்ல, புத்தகம் வாங்கக் காசில்லாத சாதாரண வாசகரை.

தொண்ணூறுகளில் இணையம் பரவியது. தன்னார்வலர்கள் வந்தார்கள். 1991-ல் மாதம் ஒரு புத்தகம், பிறகு ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பு என்று இலக்கு வைத்தார். 1997-ல் ஆயிரமாவது புத்தகம் வந்தது: இத்தாலிய மொழியில் தாந்தேயின் தெய்வீக நாடகம். அடுத்த வருஷமே ஒரு அடி விழுந்தது. அமெரிக்க அரசு காப்புரிமைக் காலத்தை 20 வருஷம் நீட்டித்தது. 1923-ல் வெளியான புத்தகங்கள் சீக்கிரமே பொதுச்சொத்தாகும் என்று காத்திருந்தவர்கள் 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த நாளை ஹார்ட் பார்க்கவில்லை.

வேலையை உண்மையில் வேகப்படுத்தியது 2000-ல் சார்லஸ் ஃபிராங்க்ஸ் கொண்டுவந்த ஒரு எளிய யோசனை. புத்தகத்தை முழுசா ஒருத்தர் தலையில கட்டாதே, பக்கம் பக்கமாகப் பிரி. திரையில் ஒரு புறம் ஸ்கேன் செய்த பக்கம், மறுபுறம் ஓ.சி.ஆர். படித்துத் தந்த எழுத்து. தன்னார்வலர் ஒப்பிட்டுத் திருத்துவார். அடுத்தவர் அதை மறுபடி பார்ப்பார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். 2002-ல் இந்தச் செய்தி பரவியதும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2003-ல் பத்தாயிரமாவது புத்தகம் வந்துவிட்டது.

இத்தனைக்கும் ஹார்ட் பணக்காரர் ஆகவில்லை. சின்னச் சின்ன வேலைகள் செய்தும் நன்கொடை திரட்டியும் காலம் தள்ளினார். மற்றவர்கள் தூக்கிப் போட்ட உதிரி பாகங்களிலிருந்து தன் கம்ப்யூட்டர்களைத் தானே கட்டிக்கொண்டார். வீடு முழுக்கப் புத்தகம். டாக்டரிடம் போவதைவிடக் கைவைத்தியமே அவர் வழக்கம். 2011 செப்டம்பர் 6 அன்று, 64 வயதில், அர்பானாவில் தன் வீட்டிலேயே காலமானார். அப்போது நூலகத்தில் 36,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருந்தன. இன்று 75,000-ஐத் தாண்டிவிட்டது.

சரி, இதுல நமக்கென்ன? ஆஸ்கியில் இருப்பது 128 இடங்கள்தான். அதில் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் 1998 பொங்கலன்று தமிழ்த் தன்னார்வலர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது, டைப் அடிப்பதோடு குறியீட்டுச் சிக்கலையும் சேர்த்தே சுமந்தார்கள். தனி எழுத்துரு, பிறகு திஸ்கி, பிறகு யூனிகோடு என்று மாறி மாறி வந்தது அந்தப் பயணம். சங்க இலக்கியத்தை நீங்க நெட்டுல தேடி எடுக்க முடியுறதுக்குப் பின்னால அவங்க ராத்திரிகள் இருக்கு.

வேலை இன்னும் முடியல. கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். இப்படி நாட்டுடைமையான எழுத்தாளர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஸ்கேன் செய்தால் ஓ.சி.ஆர். படித்துவிடும். ஆனால் பழைய அச்சில் 'ர' எது, துணைக்கால் எது என்று அது தடுமாறும்போது, ஒரு மனுஷக் கண் வேணும்.

ஹார்ட் பதினெட்டு வருஷம் கிட்டத்தட்டத் தனியாக இழுத்த தேர் அது. உங்ககிட்ட யாரும் பதினெட்டு வருஷம் கேக்கல. மெஸ்ஸுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? இன்னைக்கு ஒண்ணு திருத்திப் பாருங்க.