ஜி.டி. நாயுடுவும் நம்ம பைக் சூடும்

விளாங்குடியில இருந்து கொடைக்கானல் வரை பைக்ல போய்ட்டு, இன்ஜின் சூட்டுல கால் வெந்துபோச்சுன்னு நேரா மெக்கானிக்கிட்ட ஓடுறீங்களா? ஒரு நிமிஷம். ஜி.டி. நாயுடு கதையைக் கேளுங்க.

1893-ல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றுவிட்டது. கோவையில் ஓட்டல் சர்வராக உழைத்துக் காசு சேர்த்து, ஒரு ரட்ஜ் வண்டி வாங்கினார். பாகம் பாகமாகக் கழற்றி, திரும்ப மாட்டினார். அதுதான் அவருக்கு இன்ஜினியரிங் காலேஜ்!

1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் ஓட்டினார். 1937-ல் மின் மோட்டார் தயாரித்தார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமானார். நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு போதும் என்றார். அரசு ஒத்துக்கலை, விலகிவிட்டார். 1974-ல் மறைந்தார்.

அவர் கழற்றின வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியிருக்கிற ஃபின்கள் மேல படுற காத்துதான் சூட்டை எடுத்தது. நம்ம ஏர்-கூல்டு பைக்கும் அப்படித்தான். ஃபின் இடுக்குல சேறு அடைச்சிருக்கா, ஆயில் அளவு சரியா, கலவையில பெட்ரோல் குறைஞ்சிருக்கா? இன்ஜின் ஆறினதும் நீங்களே பாருங்க.

ஃபைனல் இயர்ல இருக்கோம். இதைக்கூட நாம தொட்டுப் பார்க்கலைன்னா, நாலு வருஷம் வீண்னு அவர் சொன்னது சரின்னு ஆயிடும்.