குமாஸ்தா கண்ட கயிற்றுக் கணக்கு

பாராடாங் ஜெட்டியில் இருவர் இரு பக்கமும் கயிறு பிடித்துச் சம பலத்துடன் இழுத்தால், படகு நடுவாக வந்து சேரும். இவ்வாறு பலங்கள் கூடுவதையும் பிரிவதையும் கணக்கில் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் சைமன் ஸ்டெவின்.

1548-ல், இன்று பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரில் பிறந்தார். ஆன்ட்வெர்ப்பில் கணக்கெழுதினார், பின்னர் சொந்த ஊரின் வரி அலுவலகத்தில் குமாஸ்தா. சுமார் 35 வயதில்தான் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1586-ல் வெளியான நூலில், சரிவின் நீளம் உயரத்தைப்போல் இரு மடங்கானால், உராய்வு நீங்கலாக, சுமையின் பாதி பலமே அதைத் தாங்கப் போதும் என்று நிறுவினார். சாய்ந்த இரு கயிறுகளில் தொங்கும் பாரத்தையும் முக்கோணம் வரைந்து பங்கிட்டார்.

அறிஞர்கள் லத்தீனில் எழுதிய காலம் அது. ஸ்டெவினோ கைவினைஞருக்கும் எட்டும்படி தாய்மொழியான டச்சில் எழுதினார். 1620-ல் மறைந்தார். பாரம் தூக்கும் இடமெல்லாம் அந்தக் குமாஸ்தாவின் கணக்கு இன்றும் உழைக்கிறது.